பிக்கார்டுக்குக் கீழே மூன்று ஒயர்கள்

ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் மின்சார வேலை ஏறக்குறைய முழுவதும் ஒரே பிளாஸ்டிக் தகட்டில் தொங்குகிறது. பிக்கார்டு என்று சொல்லும் அந்தத் தகட்டில்தான் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் மூன்று பிக்கப், வால்யூமையும் டோனையும் கூட்டிக் குறைக்கும் மூன்று பாட், ஒரு சுவிட்ச் எல்லாம் இருக்கின்றன. 1954இல் அமெரிக்காவின் ஃபுல்லர்டன் நகரில் இந்தக் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவர் ரேடியோ ரிப்பேர் கடை நடத்தியவர். பழுதென்றால் உள்ளிருப்பதை மொத்தமாக வெளியே எடுத்து மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ரேடியோக்காரப் புத்தி இந்த அமைப்பில் தெரிகிறது என்பது என் எண்ணம்.

அப்படி மொத்தமாக எடுக்கவிடாமல் தடுப்பவை மூன்று ஒயர்கள். இரண்டு, கேபிள் சொருகும் ஜாக்குக்குப் போகின்றன. மூன்றாவது, மரத்தில் துளைத்த ஓட்டை வழியாகப் பின்பக்கம் போய், ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரும்புக் கொக்கியில் பற்றவைக்கப்பட்டிருக்கும். தந்திகளுக்கு எர்த் கிடைப்பது அதன் வழியாகத்தான். இந்த மூன்றையும் சால்டர் இல்லாமல் கழற்றி மாட்ட ஒரு கனெக்டர் போட்டுத் தருகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் சென்னை வடபழனியில் மாடி அறை ஒன்றில் வேலை செய்யும் அந்த மெக்கானிக்கைத் தேடிப் போனேன். எல்லாரும் அவரை மாஸ்டர் என்கிறார்கள். கீபோர்டு, ஆம்ப், மிக்சர் என்று மெல்லிசைக் குழுக்களின் சாமான்களைப் பழுது பார்த்து வந்தவர். கிட்டார் பிறகுதான் கைக்கு வந்திருக்கிறது.

“சர்ச்சுல வாசிக்கிற பசங்கதான் சார் இதை அதிகமாக் கேக்குறாங்க” என்றார். “ஞாயித்துக்கிழமை காலையில சுத்தமான சவுண்டு வேணும். சாயந்தரம் வேற கச்சேரி, அங்க ஹம்பக்கர் வேணும். ரெண்டு கிட்டார் வாங்கக் காசில்ல. ரெண்டு பிக்கார்டு வச்சுக்குறாங்க.”

மேசையில் அப்படி ஒரு ஜோடி கிடந்தது. ஒன்றில் மூன்று சிங்கிள் காயில், 250 கிலோ ஓம் பாட்கள். இன்னொன்றில் பாலத்தருகே இரட்டைக் காயில் கொண்ட ஹம்பக்கர், அதற்கு 500 கிலோ ஓம். பிக்கப்பை மட்டும் மாற்றினால் பாட் பொருந்தாது, சத்தம் மழுங்கும். தகட்டோடு மாற்றினால் அந்தந்தப் பிக்கப்புக்கு உரிய பாட்டும் கூடவே வந்துவிடுகிறது.

சால்டர் வைத்தே மாற்றினால் என்ன? மாற்றலாம், ஓரிரு முறை. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சூடு ஏறுகிறது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த சால்டர் 183 டிகிரியில் உருகத் தொடங்கிவிடும். ஆனால் பாட்டின் முதுகும் ஸ்பிரிங் கொக்கியும் கனமான உலோகம், சூட்டை இழுத்துக்கொண்டே போகும். சின்ன அயர்ன் வைத்திருப்பவர் அங்கே அழுத்திப் பிடித்துக் காத்திருப்பார். அதற்குள் பாட்டின் உள்ளே வெந்துவிடும், ஒயரின் உறை சுருங்கிப் பின்வாங்கும். அப்படி வெந்த பாட்களை மாஸ்டர் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்குக் காட்டவாம்.

இப்போது அவரிடம் இருக்கும் உதவியாளருக்கு இருபது வயது இருக்கும். கனெக்டர் வேலை பெரும்பாலும் அவன் கையில்தான். ரிச்சி தெருவில் வாங்கிய ஜேஎஸ்டி வகை மூன்று பின் கனெக்டர். பின்னுக்குப் பின் 2.5 மில்லிமீட்டர். ஒயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டில் இரண்டு ஜோடிச் சிறகுகள் உண்டு. முன்ஜோடி உரித்த தாமிரத்தைப் பிடிக்க வேண்டும், பின்ஜோடி உறையைப் பிடிக்க வேண்டும். கிரிம்பிங் டூலை அழுத்தும்போது முன்ஜோடி இரண்டாகச் சுருண்டு தாமிர இழைகளுக்குள் இறங்கி, காற்றுகூடப் புகாதபடி இறுகுகிறது. சரியாக அழுத்திய கிரிம்ப் சால்டருக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. சரியாக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் அதிகம் உரித்தால் பின்சிறகு உறைக்குப் பதில் தாமிரத்தைக் கடிக்கும். குறைவாக உரித்தால் முன்சிறகு பிளாஸ்டிக்கைக் கடிக்கும். இரண்டுமே அன்று வேலை செய்யும், மேடையில் கழன்றுகொள்ளும்.

பையன் ஒவ்வொன்றையும் அழுத்திவிட்டு ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். ஒன்று வழுக்கியது. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி உரித்தான். கிரிம்ப் மேலே ஒரு துளி ஈயம் வைத்தால் கெட்டியாக இருக்காதா என்று கேட்டேன். மாஸ்டர் முந்திக்கொண்டார்: “அதைத்தான் எல்லாரும் செய்றாங்க. ஈயம் ஒயருக்குள்ள ஏறி விறைச்சுக்கும் சார். ஆட ஆட அந்த விளிம்புலயே ஒடியும்.” பழைய பாணிக் கிட்டார்களில் வரும் துணி சுற்றிய ஒயரையும் அவர் இதற்குத் தொடுவதில்லை. உறை தடிமன், சிறகு மூடாது.

நான் மிகவும் ரசித்தது அடுத்த காரியத்தை. ஜாக் குழிக்கும் பாட் குழிக்கும் நடுவே மரத்தில் இருக்கும் ஓட்டை குறுகலானது, கனெக்டரின் வெள்ளை பிளாஸ்டிக் கூடு அதில் நுழையாது. எனவே கூட்டை மாட்டாமல், முனைகளை மட்டும் ஒவ்வொன்றாக ஓட்டை வழியே விட்டு, இந்தப் பக்கம் வந்தபின் கூட்டில் சொருகினான். ‘டிக்’ என்று கேட்க வேண்டும். பிறகு கூட்டைச் சுற்றி மெல்லிய ஸ்பாஞ்ச், குழிக்குள் ஆடிச் சத்தம் போடாமல் இருக்க.

ஜாக்கின் எர்த்தும் கொக்கியின் எர்த்தும் ஒன்றுதானே, உடலுக்குள்ளேயே சேர்த்துவிட்டால் இரண்டு பின் போதுமே? இதைக் கேட்டது நானல்ல, பையன். “ரெண்டுல ஒண்ணு லூசானா பாட்டு நின்னுடும்டா. தனியா விட்டா, ஸ்பிரிங் பின் போனாலும் இரைச்சல்தான் வரும். கச்சேரியை முடிச்சுட்டு வரலாம்” என்றார் மாஸ்டர். பல வருடம் மேடைக்குப் பின்னால் நின்றவருக்குத்தான் இப்படித் தோன்றும்.

கனெக்டர் போட்டால் டோன் போய்விடும் என்று சொல்லும் வாசிப்பாளர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஒரு சிங்கிள் காயிலின் மின்தடையே ஏறக்குறைய ஆறாயிரம் ஓம். நல்ல கனெக்டரின் தொடர்பில் இருப்பது ஓமில் ஆயிரத்தில் சில பங்கு. இதைக் காதால் பிரித்துக் கேட்பவர் இருந்தால் அவரை வணங்கலாம். உண்மையான ஆபத்து வேறு. பிக்கப்பிலிருந்து வருவது வோல்ட்டில் சிறு பங்கு. பின்னில் களிம்பு ஏறினால் அதைத் துளைத்துப் போக அந்த மின்னழுத்தத்துக்குச் சக்தியில்லை. சென்னைக் கடற்காற்றில் அது சீக்கிரமே நடக்கும். அதனால் வாசிப்பவர் காசு கொடுக்கத் தயாரென்றால் மாஸ்டர் தங்க முலாம் பூசிய பின்களையே போடுகிறார்.

சால்டர் இல்லாமல் பிக்கப் மாற்றும் ஆசை புதியதுமல்ல. 1969இல் ஆம்பெக் நிறுவனத்துக்காக டான் ஆம்ஸ்ட்ராங் வடிவமைத்த கண்ணாடி போன்ற அக்ரிலிக் கிட்டாரில் பிக்கப்பைச் சொருகி உருவலாம். இஎம்ஜி நிறுவனம் இன்று தன் பிக்கப்களைச் சால்டரே தேவைப்படாத பின்களோடு விற்கிறது.

விளம்பரங்களில் சொல்வதுபோல நொடியில் மாற்றிவிடலாம் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். கனெக்டரைப் பிடுங்குவது நொடிதான், அதற்கு முன் தந்திகள் எல்லாம் கழல வேண்டும். 22 ஃப்ரெட் கழுத்தென்றால் அதன் நுனி பிக்கார்டின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும், கழுத்தையும் தளர்த்த வேண்டியிருக்கும். திருகுத் துளைகள் வேறு தகராறு: 1950களின் தகட்டில் எட்டு, 1959க்குப் பிறகு பதினொன்று. இரண்டாவது பிக்கார்டு வாங்குமுன் துளைகளை எண்ணிப் பாருங்கள்.

கனெக்டர் போட்ட கிட்டாரை வாங்கிக்கொள்ளும்போது இரண்டு சோதனைகளைக் கடையிலேயே செய்துவிடுங்கள். கேபிளைச் சொருகி, வால்யூமை முழுக்கத் திறந்து, மறுமுனையில் மல்டிமீட்டர் வையுங்கள். ஒற்றைச் சிங்கிள் காயில் நிலையில் ஆறாயிரம் ஓமையொட்டியும், இரண்டு சிங்கிள் காயில் சேரும் நிலையில் அதில் பாதியும் காட்ட வேண்டும். பிறகு ஒரு தந்திக்கும் பிளக்கின் அடிப்பகுதிக்கும் நடுவே வையுங்கள். பூஜ்யத்தையொட்டி வராவிட்டால் மூன்றாவது ஒயர் மாட்டவில்லை. அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.