கோடியக்கரைச் சேறு

வேதாரண்யத்திலிருந்து தெற்கே கோடியக்கரைக்குப் போகும் சாலையில் அகஸ்தியம்பள்ளியை ஒட்டி உப்பளங்கள். அவற்றுக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. முதல்முறை பார்ப்பவர்களுக்கு அது சும்மா கிடக்கும் நிலமாகத்தான் தெரியும். மழை ஓய்ந்த மார்கழியில் அந்தச் சேற்றோரம் கொஞ்ச நேரம் நின்று பார்க்கச் சொல்வேன்.

பூநாரை முழங்காலளவு நீரில் நடந்துகொண்டே தலையைக் கவிழ்த்து அலகை நீருக்குள் விடும். தொண்டை ஓயாமல் துடிக்கும். நாக்கு நீரை இழுத்து வெளியே தள்ளத் தள்ள, அலகோரத்து மெல்லிய சல்லடையில் சிற்றுயிர்கள் தங்கிவிடும். அதன் சிறகில் ஏறும் செம்மைகூட அந்த இரையிலிருந்து வந்ததுதான். பக்கத்திலேயே உள்ளான்கள் சேற்றைக் குத்திக் கிளறிக்கொண்டிருக்கும். அவற்றில் பல, வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு வந்தவை. சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரும் இங்கே தங்கிப் பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராய்ந்தார்கள்.

1967இல் வெளிமான்களை முன்னிட்டுத்தான் இந்த இடம் சரணாலயமானது. 2002இல் வேதாரண்யம் சதுப்பு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாம் சேர்ந்து சுமார் 38,500 ஹெக்டேர் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் முதலில் ஏறியது இதுதான்.

சேற்றை விட்டுக் கரையேறினால் உலர் பசுமைக் காடு. பாலை மரங்கள் அங்கே நிறைய. கோடையில் அவற்றில் மஞ்சள் நிறத்தில் சிறு பழங்கள் பழுக்கும். நல்ல இனிப்பு, பாலோ உதட்டில் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது.

இந்தக் கரையின் தனிமை தமிழுக்குப் பழக்கமானது. சுந்தரர் இங்குள்ள கோடிக்குழகர் கோயிலுக்கு வந்து, கடற்காற்று வீசும் இந்த இடத்தில் துணையின்றி இருக்கிறாயே என்று இறைவனுக்காகவே வருந்திப் பாடினார். கல்கியின் கதையில் பூங்குழலி படகு செலுத்தியதும் இங்கிருந்துதான். 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளியது பக்கத்து வேதாரண்யத்தில். பறவையை ஒரு கணக்கிலும் பதிகத்தையும் போராட்டத்தையும் இன்னொரு கணக்கிலும் வைக்க எனக்கு மனம் வருவதில்லை. எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தது கடல் வந்து போகும் இந்த ஒரே தாழ்நிலம்தானே!

2018 நவம்பரில் கஜா புயல் காட்டு மரங்களைச் சாய்த்துப் போட்டது. சீமைக்கருவேல் புல்வெளியை மூடிக்கொண்டு வருகிறது. இவை கண்ணுக்குத் தெரிபவை. எனக்குப் பெரிய கவலை தண்ணீரைப் பற்றியது. வடகிழக்குப் பருவமழையும் காவிரிக் கடைமடை வடிகால்களும் கொண்டுவரும் நன்னீர், கடல்நீரோடு கலப்பதால்தான் இந்தச் சதுப்பு உயிரோடிருக்கிறது. நன்னீர் குறைந்து உவர்ப்பு கூடிக்கொண்டே போனால் சேற்றிலுள்ள சிற்றுயிர்கள் மாறும்; அவற்றை நம்பி வரும் பறவைகளும் குறையும். எல்லைக்கல் நட்டு இதைத் தடுக்க முடியாது. கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்கும்போது வயலை மட்டும் மனத்தில் வைத்துக் கேட்கிறோம். வடிகால் போய் விழும் சதுப்பு அந்தக் கேள்வியில் வருவதேயில்லை. கோடையில் வெளிமான்களுக்கு வனத்துறை தொட்டிகளில் தண்ணீர் நிரப்பிவிடலாம். இத்தனை பெரிய சதுப்புக்கு லாரியில் கொண்டுவந்து ஊற்ற முடியாது. அதற்கான தண்ணீர் மழையிலும் வாய்க்காலிலும்தான் வந்து சேர வேண்டும்.