டீசல் குடிக்கும் துரைமார் வண்டிகள்

மேற்கு வங்கத்தில், நேபாள எல்லையை உரசிக்கொண்டு கிடக்கிறது மானேபஞ்சாங். அங்கே சவாரிக்குக் காத்திருக்கும் லேண்ட் ரோவர்களில் பல 1950களில் பிரிட்டனில் பிறந்தவை. தேயிலைத் தோட்டத் துரைமார் விட்டுப்போன சொத்து என்கிறார்கள். இங்கிருந்து 31 கி.மீ. ஏறினால் 3,636 மீட்டர் உயரத்தில் சந்தக்பூ. மேகம் மனசு வைத்தால் கஞ்சன்ஜங்கா தெரியும்.

இந்த வயதிலும் எப்படி ஏறுகின்றன? பானெட்டைத் திறந்தால் விடை. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பல வண்டிகளில் மஹிந்திராவின் டீசல் எஞ்சினை உட்கார வைத்திருக்கிறார்கள். சாதாரண வேலையல்ல. எஞ்சின் தாங்கிகளை இடம் மாற்றி வெல்டிங் செய்ய வேண்டும். பழைய கியர்பாக்ஸே இருக்கட்டும் என்றால் போல்ட் துளைகள் ஒத்துவராது. இடையில் தகடு ஒன்றைக் கடைந்து பொருத்த வேண்டும். மையம் சற்றே விலகினாலும் கிளட்ச் போச்சு. பாடி அலுமினியம். போருக்குப் பிந்தைய எஃகுப் பஞ்சத்தில் நேர்ந்த ஏற்பாடு, இமயமலை ஈரத்தில் வரமாகிவிட்டது. துருவுக்கு இரையாவது எஃகு சேஸிஸ்தான்.

2018இல் தனது 70ஆவது ஆண்டையொட்டி லேண்ட் ரோவர் நிறுவனமே இந்த வண்டிகளைப் படமெடுத்தது. அப்போது இருந்தவை 42. கல் பரப்பிய பாதையில் கான்கிரீட் போடப் போட, பொலிரோக்களும் ஏறத் தொடங்கின. மலை கிராமங்களுக்கு நல்ல சாலை வேண்டும். டிரைவர்கள் மறுக்க முடியாது. ஆனால் கரடுமுரடுதானே கிழ ரோவர்களுக்குச் சோறு போட்டது! இனி, முதுகு வலித்தாலும் ரோவரில்தான் போவேன் என்று வரும் பயணிகள்தான் கதி.