மனு இல்லாம ஒரு நாள் அரண்மனைக்கு!

'லீவு விட்டாச்சு... எங்கே போலாம்?' ஊட்டி, கொடைக்கானல்னு ஆரம்பிச்சு கடைசியில் டீக்கடையில் முடிகிற பிளான்தானே நம்முடையது! அப்படி ஒரு லீவில், திங்கட்கிழமை காலை திருவரங்குளம் ஸ்டாப்பில் அப்பாவோடு நின்றேன். டூர் இல்லீங்க... பட்டா பெயர் மாற்ற மனு கொடுக்க, புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸுக்கு!

பஸ்ஸில் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. வாசலில் பையைச் சோதித்து உள்ளே விட்டார்கள். கட்டடத்துக்கு அருகே போனதும் அப்பா சட்டென்று செருப்பைக் கழற்றினார்.

"என்னப்பா பண்றீங்க?"

"ராஜா வீடுடா... ஒரு மாதிரியா இருக்கு."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கருங்கல் சுவர், வளைவுகள், நீள நீளமான வராந்தா. சுற்றிலும் மரங்களோடு விரிந்து கிடக்கும் வளாகம். எத்தனை தடவை வந்திருக்கேன்... கையிலிருந்த பேப்பரைத் தவிர வேறெதையும் பார்த்ததே இல்லையே!

இது தொண்டைமான் மன்னர்களின் புது அரண்மனை. கடைசி மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான், 1928-ல் பட்டத்துக்கு வந்தபோது அவருக்கு ஆறு வயசு. நம்மில் பலர் அந்த வயசில் பல்பத்தைத் தின்றுகொண்டிருந்தோம்! 1948 மார்ச் 3-ம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது, மன்னர் விட்டுக்கொடுத்த இந்த அரண்மனைதான் கலெக்டர் ஆபீஸ் ஆனது. அவருடைய சிலையும் வளாகத்திலேயே இருக்கிறது.

ஜப்பானிலும் இப்படி ஒரு கதை உண்டு. ஒகயாமா நகரின் பிரபுக்கள் கோட்டைக்கு எதிரே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் 'கோரகுயென்' என்று ஒரு தோட்டம் போட்டார்கள். 1700-ல் முடிந்த அந்தத் தோட்டம் 1884-ல் அரசு வசம் வந்து, பொதுமக்களுக்குத் திறந்தது. இன்று டிக்கெட் வாங்கி, மணிக்கணக்கில் ரசிக்கிறார்கள். நமக்கு டிக்கெட்டே கிடையாது. ஆனா, பார்க்கிற ஆளும் கிடையாது!

மனு கொடுத்து ரசீது வாங்கியதும், அப்பாவை மர நிழலில் உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் கட்டடத்தையே பார்த்தார். "உங்க தாத்தா இந்தப் பக்கம் வந்திருந்தா வெளிய நின்னுதான் கும்பிட்டிருப்பாரு. நாம உள்ள வந்து கையெழுத்துப் போட்டு கேக்கறோம்ல!" என்றார். திரும்பும்போது செருப்பு காலிலேயே இருந்தது.

நீங்களும் ஒரு நடை போய்ப் பாருங்க பாஸ். திங்கட்கிழமை வேண்டாம், மனு கொடுக்க வருகிறவர்களின் நாள் அது. ஆபீஸ் நடக்கிற இடம் என்பதால் சத்தம் போடாமல் வெளியிலிருந்தே ரசிக்கலாம். அப்படியே திருக்கோகர்ணம் போனால், 1910-ல் தொடங்கிய மியூசியத்தையும் பார்த்துவிடலாம்.

அடுத்த வாரம் நானும் அப்பாவும் மறுபடி போறோம். கையில் பேப்பர் இல்லாமல்!