குரலுக்கு எத்தனை மார்க்?

"உடம்புச் சூட்டுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. குரல் கெட்டதை எப்படி அளப்பீர்கள்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். குரல் சிகிச்சைதான் எனக்கு இங்கே சோறு போடும் வேலை என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

குரலை மைக்கில் பதிந்து கம்ப்யூட்டரில் அளக்கலாம். கேமரா விட்டுக் குரல்நாண்களைப் பார்க்கலாம். ஆனால் குரல் போனதால் வாழ்க்கையில் என்னென்ன போனது என்பதை நோயாளியிடம்தான் கேட்க வேண்டும். அதற்காக 1997-ல் அமெரிக்காவில் ஜேக்கப்சன் குழுவினர் வெளியிட்டதுதான் வாய்ஸ் ஹேண்டிகேப் இண்டெக்ஸ். மொத்தம் 30 வாக்கியங்கள். அன்றாடப் பாடு, உடம்புச் சிரமம், மனவருத்தம் மூன்றுக்கும் பத்துப் பத்து. 'ஒருபோதும் இல்லை' என்றால் 0, 'எப்போதும்' என்றால் 4. ஆக மொத்தம் 120. இந்தப் பரீட்சையில் மார்க் கூடினால் சந்தோஷப்பட முடியாது :-) 2004-ல் பத்துக் கேள்விச் சுருக்கமும் வந்தது.

ஒரே அளவு கரகரப்பு உள்ள இருவர் ஒரே மார்க் வாங்குவதில்லை. குரலை வைத்துப் பிழைப்பவருக்குச் சின்னப் பிசிறும் பெரிய இழப்பு. எங்கள் பாலக்காட்டுக் கோட்டாயிக்காரரான செம்பை வைத்தியநாத பாகவதருக்கு 1950களில் குரல் போனபோது சங்கீத உலகமே கவலைப்பட்டது. குரல் திரும்பி வந்து, 1974-ல் மறையும்வரை பாடினார். பாகவதருக்குப் போனால் ஊருக்கே தெரியும். டீச்சருக்குப் போனால்?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியம் பள்ளியில் என் அத்தை டீச்சராக இருந்தார். நடுவில் தட்டி மட்டும் வைத்த இரண்டு வகுப்புகள். கத்தித்தான் பாடம் நடத்த வேண்டும். "தொண்டை கட்டிருக்குது கண்ணு, சுக்குக் காப்பி குடிச்சாச் சரியாப் போயிரும்" என்று ஒரு வருஷம் ஓட்டினார். ஆஸ்பத்திரியில் மலையாளத்தில் கேட்டதற்கு "குழப்பமில்லா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அங்கே யார் எது கேட்டாலும் வாயில் வரும் பதில் அது.

நான் போனில் ஒவ்வொரு கேள்வியாக வீட்டுத் தமிழில் கேட்டேன். மார்க் போட இல்லை, தெரிந்துகொள்ளத்தான். பிரேயரில் பாடுவதை விட்டுவிட்டாராம். பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். எனக்குப் போன் செய்வது குறைந்ததும் அதனால்தானாம். முக்கால்வாசிக்கு 'எப்போதும்' என்றுதான் பதில்.

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட் தமிழர்களுக்கும் இதே கதைதான். நோயை மலையாளத்தில் சொல்லிவிடலாம். வருத்தம் தமிழில்தான் வரும். கேள்வித்தாளை வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்தாலும் போதாது. வீட்டுக்குள் கூப்பிட்டால் கேட்கிறதா என்ற கேள்விக்கு லயத்து ஒற்றை அறையில் ஒரு பதில், எங்கள் ஊர்த் தோட்டத்து வீட்டில் வேறு பதில். அந்தந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் அந்தத் தாளை நம்பலாம்.

அத்தைக்குக் குரல்நாணில் சின்ன முடிச்சுகள் இருந்தன. ஆபரேஷன் இல்லாமல் பயிற்சியிலேயே குறைந்தது. சில மாதம் கழித்து அதே கேள்விகளுக்குப் பாதிக்கு மேல் 'எப்போதாவது' என்றார்.

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் ஈ.என்.டி. டாக்டரிடம் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவோ அப்பாவோ முன்னைவிடக் குறைவாகப் பேசினால், "தொண்டை எப்படி இருக்கு?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "பேச முடியாம எதையெல்லாம் விட்டுட்டீங்க?" என்றும் கேளுங்கள்.