சனிக்கிழமைச் சம்பளமும் கிளிஞ்ச் மலைப் பாட்டும்

அக்டோபர் குளிர் இப்படி எலும்பைத் தேடி வந்து தட்டும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். இருபது வருடமாகத் திருப்பூரிலிருந்து அமெரிக்காவுக்கு ஃப்ளீஸ் ஹூடி ஏற்றிவிடுகிறேன். ஒன்றைக்கூட என் பெட்டியில் வைக்கத் தோன்றவில்லை! சார்லட் நகரில் பையர் மீட்டிங் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. "ரூம்ல உக்காந்து என்னங்ணா பண்ணப் போறீங்க? வாங்க, பாட்டுக் கேட்டுட்டு வருவோம்" என்றார் அங்கே வேலை பார்க்கும் பெருந்துறைத் தம்பி.

காரில் அவர் போட்ட முதல் பாட்டே தூக்கிவாரிப் போட்டது. கிடார் இழைய, ஓர் ஆள் தறிக்கூடத்தில் படும் பாட்டைப் பாட்டாகவே புலம்புகிறார். அடேங்கப்பா! கன்ட்ரி இசை என்றால் குதிரையும் தொப்பியும் என்றல்லவா நினைத்திருந்தேன்? டார்சி, ஹோவர்ட் என்ற டிக்சன் சகோதரர்களாம். வட கரோலினா, கிழக்கு ராக்கிங்ஹாம் பஞ்சாலைத் தொழிலாளிகள். அக்கா நான்சி எட்டு வயதில் ஆலைக்குள் போனவர், டார்சி பன்னிரண்டில். 1936 முதல் 1938 வரை தட்டுத் தட்டாகப் பாடிப் பதிந்தும், சோறு போட்டது ஆலைதான். டார்சி எழுதிய சாலை விபத்துப் பாட்டை ராய் அகஃப் பாடினார். அதற்குப் பிறகுதான் அது ஊரெல்லாம் ஒலித்தது. நான்சியின் வயதைக் கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தையல் பவர் டேபிள் பக்கத்தில் துணி கைமடிக்க நின்ற சின்னஞ்சிறுசுகளை ஒருகாலத்தில் பார்த்தவன் நான்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். வர்ஜீனியாவுக்குள் நுழைந்ததும் மலையெல்லாம் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். ஒரு மரத்து இலை இன்னொரு மரத்தோடு சேரவில்லை. டையிங்கில் இப்படி ஷேடு தப்பினால் லாட்டையே திருப்பி அனுப்புவார்கள். இங்கே அதைப் பார்க்கக் காரை ஓரங்கட்டிக் கூட்டமாக நிற்கிறார்கள்!

ஹில்டன்ஸ் கிராமத்தில், கிளிஞ்ச் மலையடியில், கார்ட்டர் ஃபோல்டு. பெரிய மரக்கொட்டகை. உள்ளே பாப்கார்ன், காபி, ஹாட் டாக் வாசனை. ஏ.பி. கார்ட்டர், மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல் மூவரும் 1927 ஆகஸ்டில் பிரிஸ்டலுக்குப் போய்ப் பாடிப் பதிந்ததிலிருந்து தொடங்குகிறது இந்த வீட்டின் கதை. ஏ.பி. மலை மலையாக அலைந்து பாட்டுப் பொறுக்கியவர். மெட்டை மனசில் பிடித்துவைக்க லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிடார்க் கலைஞர் கூடவே போனார். இந்த இசையை விட்டுவிடாதே என்று மகள் ஜேனெட்டிடம் ஏ.பி. கேட்டுக்கொண்டாராம். ஜேனெட் 1974-இல் அவருடைய பழைய மளிகைக் கடையிலேயே கச்சேரி தொடங்கினார். இடம் போதாமல் 1976-இல் எழுந்த கொட்டகைக்குத் தச்சு வேலை பார்த்தவர் தம்பி ஜோ. அண்ணன் தம்பிகளாக ஊர் ஊராய்ப் பாடிய பண்ணைப்புரத்துப் பாவலர் வீடு எனக்கு நினைவுக்கு வந்தது. இங்கே அக்கா பாட, தம்பி உளி பிடித்திருக்கிறார்.

மேடைச் சட்டம் கறார். கரண்டு வாத்தியம் கூடாது. அந்த வீட்டு மாப்பிள்ளை ஜானி கேஷுக்கு மட்டும் விலக்கு இருந்தது (மாப்பிள்ளை மரியாதை எந்த ஊரில் இல்லை!). மது அறவே கிடையாது. சனிக்கிழமை ராத்திரி, மது இல்லாமல், இத்தனை சந்தோஷமா? சம்பள நாளில் எங்கள் டாஸ்மாக் வாசலைப் பார்த்த கண்ணுக்கு நம்ப முடியவில்லை.

ஃபிடில் எகிறியதும் கிழவர்கள் எழுந்தார்கள். செருப்படியில் இரும்புத் தகடு. பலகைத் தரையில் சடசடவென்று தாளம். எங்கள் பெருஞ்சலங்கை ஆட்டத்தைச் சலங்கையைக் கழற்றிவிட்டு ஆடினால் இப்படித்தான் இருக்கும். எண்பது வயது இருக்கும், ஒரு பாட்டி என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். ஆடினேன் என்று சொல்ல மாட்டேன். நின்ற இடத்தில் குளிருக்கு உதறினேன், தாளத்தோடு.

தம்பி எடுத்த வீடியோ அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே ஞாயிறு காலை ஆறரை. மனைவியிடமிருந்து பதில்: "நேத்தே எல்லாருக்கும் சம்பளம் போட்டாச்சு. கறிக்கடையில வரிசைல நிக்கறேன். அந்தம்மா யாருங்க?"