மைனஸ் 4 வயதுப் பாட்டி

எங்கள் தாமானில் ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் 60 வயது தாண்டியவர்களுக்கு அரிசி, எண்ணெய், பருப்பு அடங்கிய பை ஒன்று கொடுப்போம். 2024இல் பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்தது. "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவளாச்சே" என்றார் அம்மா.

பழைய நோட்டில் பெயர், ஐசி எண், பிறந்த தேதி, வயது, ஆணா பெண்ணா என்று எல்லாமே கையால் எழுதப்பட்டிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. ஐசி எண் ஒன்று போதாதா? 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம். 08 என்றால் பேராக், 10 என்றால் சிலாங்கூர். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஆகவே மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் பெயரையும் ஐசி எண்ணையும் மட்டும் நிரப்பும்படி செய்தேன். மற்ற கட்டங்கள் சூத்திரத்தின் வழியே தாமாக நிரம்பின. வயது மட்டும் முரண்டு பிடித்தது. இன்றைய தேதியைக் கேட்கும் சூத்திரத்தை ஆக்சஸ் அட்டவணைக்குள் அனுமதிக்காது. நியாயம்தான், நாளைக்கு அது பொய்யாகிவிடுமே. அதைத் தனியே ஒரு வினவலில் கணக்கிட்டு, 60க்கு மேற்பட்டவர்களை வடிகட்டி அச்செடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

பை கொடுக்கும் நாளில் முதலில் வந்து உட்கார்ந்தவர் கடைசி வீட்டுப் பாட்டி. பெயர்களை எல்லாம் கூப்பிட்டு முடித்தாயிற்று. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, நான் செத்துட்டேன்னு எழுதிட்டியா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். பாட்டியின் வயது மைனஸ் 4. அவருடைய ஐசி 28இல் தொடங்குகிறது. ஆண்டுக்கு இரண்டு இலக்கம் மட்டும் கொடுத்தால், 30 முதல் 99 வரை 1900களாகவும் 00 முதல் 29 வரை 2000களாகவும் எடுத்துக்கொள்வது ஆக்சஸின் வழக்கம். பாட்டி 2028இல்தான் பிறக்கப்போகிறார்! இதே கதி 29இல் தொடங்கும் ஒரு தாத்தாவுக்கும். பட்டியலில் பெயர் இல்லை என்று யாரோ முதல்நாளே சொல்லிவிட, அவர் வரவே இல்லை. சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு நானே போனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்றிரவே சூத்திரத்தைத் திருத்தினேன். நடப்பு ஆண்டைவிடப் பெரிய எண் வந்தால் அது 1900களில் சேரும். ஆனால் நூறு வயதுக்காரர் வந்தால் இதுவும் கவிழும். அதற்காகப் பழைய நோட்டில் இருந்தது போலவே, பிறந்த ஆண்டைக் கையால் எழுத ஒரு கட்டம் வைத்தேன்.

பாட்டியிடம் பையைக் கொடுத்தபோது, "96 வயசா பாட்டி உங்களுக்கு?" என்று கேட்டிருந்தேன்.

"யாருக்குத் தெரியும்? 48இல் ஐசி எடுக்கச் சொன்னப்போ தோட்டத்துக் கிராணி என்னை ஏற இறங்கப் பார்த்தாரு. இருபது இருக்கும்னு எழுதிட்டாரு."