தொய்யாத யன்னல் சீலை

ராத்தாவைப் பெண் பார்க்க வந்த அன்றுதான் எங்கள் வீட்டு யன்னல் சீலை விழுந்தது.

வந்தவர்களில் ஆண்கள் விறாந்தையில் இருந்தார்கள். விறாந்தைப் பக்கம் திறக்கும் அறை யன்னலுக்குப் பின்னால் ராத்தா நின்றாள். மாப்பிள்ளையின் குரலையாவது கேட்போம் என்று நின்றிருப்பாள், பாவம். "டக்" என்று ஒரு சத்தம். ஆணி நிலத்தில் உருண்டது. ஸ்பிரிங் கம்பி பாம்புபோல் சுருண்டு மறுபக்கம் ஓடியது. சீலை முழுவதும் சரிந்து விழ, கையில் பலகாரத் தட்டோடும் வாய்க்குள் பாதிப் பயற்றம் பணியாரத்தோடும் ராத்தா எல்லாருக்கும் தெரிந்தாள்.

அந்தச் சம்பந்தம் பிறகு வேறு காரணத்தால்தான் சரிவரவில்லை. ஆனாலும் ராத்தா இன்றைக்கும் ஆணியைத்தான் குற்றம் சொல்வாள்.

புத்தூரில் எங்களைப் போன்ற ஒரு குடும்பம் எப்படி என்று என் வகுப்புத் தோழிகள் கேட்பதுண்டு. வாப்பா பழைய இரும்பு வியாபாரம். உடைந்த தண்ணீர்ப் பம்பி, துருப்பிடித்த தகரம், பழைய சைக்கிள் எல்லாம் எங்கள் வளவுக்குள் வந்து குவியும். அவற்றை வைக்கப் பெரிய வளவு வேண்டும்; நகரத்தில் அப்படி ஒன்றை வாடகைக்கு எடுக்க எங்களால் முடியாது. சோனகத் தெருவில் உம்மம்மாவின் வீடு இருந்த காணியில் இப்போது அரைச் சுவர்கள்தான் நிற்கின்றன. அதனால் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பழைய கல்வீட்டின் பாதியில் நாங்கள் இருக்கிறோம். மற்றப் பாதியில் வீட்டுக்கார அன்ரி தனியே இருக்கிறார்.

வீடு தந்தபோது அன்ரி சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "சுவரில ஆணி அடிக்கக் கூடாது." முந்தி இருந்தவர்கள் அடித்துவிட்டுப் போன ஆணிகளைப் பாவிக்கலாம், புதிதாக ஒன்றும் கூடாது. வாப்பா உடனே சம்மதித்தார். உம்மாவுக்குத்தான் முகம் சுருங்கியது. இரண்டு யன்னல்களில் ஒன்று விறாந்தைக்கும் மற்றது வீதிக்கும் திறக்கின்றன. வீட்டுக்குள் முந்தானை இல்லாமல் நடமாடுவதற்கும், அந்த அறையில் நிம்மதியாகத் தொழுவதற்கும் எங்களுக்குச் சீலை வேண்டும். அது அலங்காரம் அல்ல.

முன்னையவர்கள் விட்டுப்போனது வெள்ளை பிளாஸ்ரிக் பூசிய ஸ்பிரிங் கம்பி. எல்லா வீடுகளிலும் இருக்கும், இரண்டு முனையிலும் கொக்கி திருகி ஆணியில் மாட்டுவது. மலிவு, யாரும் பூட்டலாம். ஆனால் நடுவில் தொய்யும். தொய்ந்தால் சீலை இரண்டும் பள்ளத்தைத் தேடும் தண்ணீரைப்போல நடுவுக்கு வழுக்கிவிடும். அப்போது இரண்டு கரையிலும் நான்கு விரல் இடைவெளி விழும். உம்மா அங்கே உடுப்புக் கிளிப் குத்தி வைப்பார். சோளகம் வீசும் மாதங்களில் கிளிப்பும் நிற்காது.

பெண் பார்க்க வருகிறார்களே என்று அன்று காலை உம்மா ஒரு வேலை செய்தார். ஸ்பிரிங்கில் இரண்டு அங்குலம் வெட்டிக் குறைத்து, இழுத்துப் பூட்டினார். சீலை நேராக, அழகாக நின்றது. பின்னேரம் ஆணி வந்துவிட்டது.

ஏன் வந்தது என்பதை நான் அன்றிரவு பௌதிகவியல் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் பார்த்தேன். சீலையை வாப்பாவின் தராசில் வைத்தேன், ஒன்றரைக் கிலோ. அதாவது ஏறத்தாழ 15 நியூற்றன். யன்னல் நான்கு அடி, 1.2 மீற்றர். கம்பியின் இழுவை என்பது நிறையை நீளத்தால் பெருக்கி, தொய்வின் எட்டு மடங்கால் வகுத்தால் வருவது. முன்பு 6 சென்ரிமீற்றர் தொய்ந்திருந்தபோது இழுவை 37½ நியூற்றன். உம்மா அதை ஒரு சென்ரிமீற்றராகக் குறைத்தபோது 225 நியூற்றன்! ஒன்றரைக் கிலோ சீலையைத் தாங்க ஒவ்வோர் ஆணியும் இருபத்திரண்டரைக் கிலோவை, ஏறத்தாழ ஓர் அரிசி மூட்டையை, பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்திருக்கிறது. அரை சென்ரிமீற்றர் என்றால் இன்னும் இரண்டு மடங்கு. முற்றிலும் நேராக நிற்கும் கம்பி என்று உலகத்தில் ஒன்று இருக்கவே முடியாது.

ராத்தாவிடம் கொப்பியைக் காட்டினேன். "இதை நேற்றே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

கம்பி இழுத்து நிற்கும். தடி கிடந்தே நிற்கும். தடி போட்டால் அதன் முனைகளுக்குக் கீழ்நோக்கிய பாரம் மட்டுந்தான், ஒவ்வொரு முனைக்கும் முக்கால் கிலோவும் தடியின் பாதி நிறையும். இந்த வித்தியாசம் விளங்கியதும் எனக்கு நித்திரை வரவில்லை. அடுத்த நாள் வளவில் கிடந்த மின்சார வயர் போகும் பி.வி.சி. குழாயை வெட்டிப் போட்டுப் பார்த்தேன். முதல் நாளே 3 சென்ரிமீற்றர் வளைந்தது. இரண்டு கிழமை போக இன்னும் வளைந்தது. கழற்றிய பிறகும் வில்லாகவே கிடந்தது. உருக்கின் யங்ஙின் மட்டு பி.வி.சி.யைப்போல அறுபது மடங்குக்கு மேல். அதைப் படித்து மனப்பாடம் செய்திருந்தேன், கையில் பிடித்து உணர்ந்தது அப்போதுதான். பிறகு வாப்பாவின் குவியலில் இருந்து ஒரு மெல்லிய உருக்குக் குழாயைத் தேடி எடுத்து, துருவை மண்தாளால் தேய்த்துப் போட்டேன். வளைவு கண்ணுக்கே தெரியவில்லை.

தடி கிடைத்துவிட்டது. எதில் வைப்பது? விழுந்த ஆணி இருந்த இடத்தில் சாந்து கைப்பிடியளவு பொருக்காகப் பெயர்ந்திருந்தது. நம் குடாநாட்டு நிலமே சுண்ணக்கல். பழைய வீடுகளின் சுவரும் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். அதில் ஆணியை அடித்தால் பிடிக்காது, பொடியும்.

இந்தப் பிரச்சினை எனக்கு முதலில் வந்ததல்ல என்று தேடிப் படித்தபோது தெரிந்தது. 1911 அளவில் லண்டனில் ஜோன் ஜோசப் ரோலிங்ஸ் என்ற கட்டட ஒப்பந்தக்காரருக்கு, பிரித்தானிய அருங்காட்சியகத்தின் சுவர்களைப் பழுதாக்காமல் மின்சாரப் பொருத்திகளைப் பூட்டும் வேலை கிடைத்தது. சணல் நாரை விலங்கு இரத்தத்தால் ஒட்டி, சிறு துளைக்குள் செருகும் ஒரு அடைப்பை அவர் செய்தார். திருகாணி உள்ளே போகப்போக அது விரிந்து சுவரைப் பிடிக்கும். பிறகு 1958 இல் ஜேர்மனியில் ஆர்தர் பிஷர் அதையே நைலோனில் செய்தார். இன்று ஹாட்வெயார் கடையில் நாம் வாங்கும் சாம்பல் நிறப் பிளக் அந்த வழியில் வந்ததுதான். யன்னல் சீலைத் தடிக்கு 1892 இல் அமெரிக்காவில் காப்புரிமை எடுத்தவர்களில் ஒருவர் சாமுவேல் ஸ்கொட்ரன் என்ற கறுப்பின மனிதர். அவர் முன்பு முடிதிருத்துபவர். வாடிக்கையாளர் தன் தலையை எல்லாப் பக்கமும் பார்க்கக் கண்ணாடி அமைத்துக் கொடுத்தவர். தன் கண்முன்னால் இருந்த தொல்லையைத்தான் அவரும் பார்த்திருக்கிறார். அது எனக்குப் பிடித்தது.

ஆனால் பிளக்குக்கும் துளை வேண்டும். துளைக்கு அன்ரியின் அனுமதி இல்லை.

இதையெல்லாம் நான் உம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தபோது, அதுவரை பேசாதிருந்த உம்மம்மா கேட்டார், "தொய்ஞ்சால் நடுவில ஒரு கம்பு குடுக்கிறதுதானே?"

அவருக்கு இது தெரிந்திருந்தது. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்திலிருந்து எங்கள் ஆட்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு மணித்தியால அவகாசம். உம்மாவின் வாப்பா தையற்காரர். அவர் தைத்த பச்சைப் பூச்சீலை யன்னலில் தொங்கியபடியே இருந்ததாம். "கதவைப் பூட்டினன், யன்னலைச் சாத்தினன், சீலையைக் கழற்ற நினைப்பே வரேல்லை" என்று உம்மம்மா சொல்வார். புத்தளத்து முகாமில் ஒரு கொட்டிலுக்குள் பல குடும்பங்கள். சுவர் என்று இருந்தது கயிற்றில் போட்ட சாரிதான். "கயிறு தொய்ஞ்சால் பக்கத்துச் சனத்தின்ர சோத்துப் பானை தெரியும். அவையளுக்கு எங்கட பானை தெரியும். சோறு இல்லாத நாளில அதுதான் பெரிய வெக்கம்." அதனால் நடுவில் கவர்க்கம்பு ஒன்றை ஊன்றினார்களாம்.

நான் கொப்பியைப் புரட்டினேன். அதே இழுவையில் நீளம் பாதியானால் தொய்வு நாலில் ஒன்று. தடிக்கு என்றால் பதினாறில் ஒன்று. உம்மம்மாவிடம் சொன்னேன். "பதினாறோ?" என்று சிரித்தார்.

உம்மம்மா சொன்ன கவர்க்கம்பு நிலத்தில் நின்றது, சுவரில் அல்ல. அப்படியானால் என் தடியும் சுவரை நம்பத் தேவையில்லை. யன்னலின் இரும்புக் கம்பிகளைப் பார்த்தேன். மேலிருந்து கீழாக அரை அங்குல உருளைக் கம்பிகள், நான்கு அங்குலத்துக்கு ஒன்று. கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை, ஆகவே உட்பக்கம் இடைஞ்சல் இல்லை.

முதலில் ஒரு கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் கவ்வி செய்தேன். அது சரிவரவில்லை. சீலையை இழுத்த ஒவ்வொரு முறையும் கவ்வி உருளைக் கம்பியைச் சுற்றித் திரும்பியது, கதவு பிணைச்சலில் திரும்புவதுபோல. பக்கத்துக் கம்பியையும் சேர்த்துப் பிடித்தால் திரும்ப முடியாது என்று பிடிபட மூன்று நாள் எடுத்தது. ஆறு அங்குலப் பட்டை இரும்பு இரண்டு. ஒன்று கம்பிகளுக்கு வெளியே, ஒன்று உள்ளே, நடுவில் ஒரு போல்ட், கையாலேயே இறுக்கும் சிறகு நட்டு. உள்ளே உள்ள பட்டையில் மேல்நோக்கி ஒரு கை. அதன் நுனியில் தடி கிடக்க ஒரு வளைவு. வாப்பாவுக்குத் தெரிந்த வெல்டிங் கடையில் ஒட்டித் தந்தார்கள். கீழே வழுக்காதிருக்க இடையில் சைக்கிள் ரியூப் துண்டு வைத்தேன். உராய்வு பற்றி ஆசிரியை சொன்னதெல்லாம் அந்தக் கறுப்பு றப்பரில் இருக்கிறது.

இன்னும் இரண்டு திருத்தம். வளைவின் வாய் மேலே திறந்திருந்ததால் மாமியின் சின்ன மகன் சீலையில் ஊஞ்சலாடத் தடியும் கையோடு வந்தது. நல்லவேளை தலையில் படவில்லை. அதன் பிறகு வாயைச் சுவர்ப் பக்கம் சாய்த்தோம். கரை இடைவெளிக்கு, கடைசி வளையத்தைக் கவ்விக்கு வெளியே, தடியின் முனையில் போட்டேன். அது உள்ளே வர வழியில்லை. உடுப்புக் கிளிப்புகள் மீண்டும் கொடிக்குப் போயின. சோளகத்துக்கு உம்மம்மாதான் வழி சொன்னார். மீன்வலை ஈயக்குண்டுகளைச் சீலையின் கீழ்மடிப்புக்குள் வைத்துத் தைத்தார்.

எல்லாம் பூட்டி முடிந்த அன்று உம்மம்மா சிறகு நட்டைத் தொட்டுப் பார்த்தார். "இதைக் கழற்ற எவ்வளவு நேரம்?"

கழற்றிக் காட்டினேன். இரண்டு யன்னலுக்கும் சேர்த்து நான்கு நிமிடம் போதுமாயிருந்தது. உம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி பூட்டச் சொன்னார். பிறகு வாப்பாவிடம், குறட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடச் சொன்னார்.

அன்ரி பார்க்க வந்தார். சுவரில் கை வைத்துத் தடவி, புதுத் துளை இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார். அதன் பிறகுதான் கதிரையில் இருந்தார். உம்மம்மா தேத்தண்ணீர் கொடுத்தபோது, நிபந்தனையின் காரணத்தை முதன்முறையாகச் சொன்னார். 1995 ஒக்டோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அவரும் போனார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது சுவர்கள் மட்டுமே நின்றன. கதவு, யன்னல், கூரைமரம் எதுவும் இல்லை. ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்ட எத்தனையோ வருடம். "நிண்டது இந்தச் சுவர் மட்டும்தான் அக்கா. அதில ஆரும் கை வைச்சால் எனக்கு நெஞ்சு பதறும்." உம்மம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் இருவருக்குமே ஒக்டோபர்தான் என்று சொன்னாரே தவிர வேறொன்றும் பேசவில்லை.

போகும்போது அன்ரி, தன் பக்கத்து யன்னல்களுக்கும் அப்படிச் செய்து தரும்படி கேட்டார். மூன்று யன்னல். அடுத்த சனிக்கிழமை அளவு நாடாவோடு போனேன். இரண்டு யன்னல் எங்களுடையவை போலவே. மூன்றாவது அவர் சாத்தியே வைத்திருந்த பின்னறை யன்னல். கதவைத் தள்ளித் திறந்து பார்த்தால் கம்பியே இல்லை. மரச்சட்டத்தில் கம்பிகள் இருந்த துளைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. ஒட்டடை படிந்திருந்தது.

"இதுக்குச் சரிவராது அன்ரி. பிடிக்கிறதுக்குக் கம்பி இல்லை. சுவரில பிளக் வைச்சால்தான்..." என்று இழுத்தேன்.

அன்ரி யன்னலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே தோட்டத்தில் யாரோ பம்பியை நிறுத்தினார்கள்.

"எத்தினை துளை?"

"நாலு. சின்னது. ஆறு மில்லிமீற்றர்."

அடுப்படிப் பக்கம் போனவர் ஒரு பென்சிலோடு வந்தார். "எங்க எங்க எண்டு நீ அடையாளம் வை பிள்ளை" என்றார். நான் கதிரையில் ஏறி நின்றேன். அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.